வெள்ளிக்கிழமைப் பதில்கள்

பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் எனக்குப் பயம் வந்தது. எதைப் பார்த்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குளிக்கப் போனால் பயம், சோறு பொங்கினால் பயம். செத்துப்போனால் இது நின்றுவிடும் என்ற நினைப்பு அடிக்கடி வந்து உட்காரும். அந்த நினைப்புக்கு இன்னும் அதிகமாகப் பயந்தேன்.

செலண்டாரிலிருந்து மலாக்கா டவுனுக்கு அக்காதான் பஸ்ஸில் கூட்டிப்போவாள். வெள்ளிக்கிழமைதோறும் கவுன்சலிங். கவுன்சலிங் கொடுக்கும் மிஸ் தமிழ்ப் பெண், என்னைவிடச் சின்னவர். உள்ளே போகுமுன் ஒரு தாளை நிரப்ப வேண்டும். போன வாரம் தூக்கம் எப்படி, அழுகை எப்படி, கடைசியாக, சாக வேண்டும் என்ற நினைப்பு வந்ததா. இல்லை என்றால் பூஜ்யம், எங்கள் பேச்சில் கோசோங். தினமும் என்றால் மூன்று. மிஸ் அதைக் கூட்டி வரைபடத்தில் புள்ளி வைப்பார். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் திட்டு. இங்கே குறைந்தால் பாராட்டு.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்தக் கேள்வியில கை வைக்காதடி. கோசோங் போடு லா," என்பாள் அக்கா.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை அரிசி தீர்ந்தால்கூட "நெறஞ்சு போச்சு" என்றுதான் சொல்வோம். எழுதினால் பலித்துவிடும் என்று அவளுக்குப் பயம். சாவு என்ன, நாள் பார்த்தா வரும் என்று கேட்க வாய்வரை வந்தது. அதிலும் அந்த வார்த்தை இருந்ததால் விழுங்கிவிட்டேன். எனக்கு வேறு பயம். மூன்று போட்டால் என்னை வார்டில் அடைத்துவிட்டுப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள். போகப்போக மற்ற கேள்விகளுக்கும் கோசோங் பழகிவிட்டது.

ஒருநாள் மிஸ் சிரித்தபடி வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். கோடு அடியைத் தொட்டிருந்தது.

"ரொம்ப நல்லா வந்துட்டீங்கக்கா. இன்னையோட முடிச்சிக்கலாம், இனி வர வேணாம்."

அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாரம் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், வேற நாள் குடுங்க. வெள்ளிக்கிழமை எனக்கு நெஜம் எழுத வராது."

கதவுக்கு வெளியே அக்கா பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. மிஸ் புதுத் தாள் ஒன்றை நீட்டினார்.

"எழுதுனா புள்ளைய எடுத்துடுவீங்களா?"

"அதுக்காக எல்லாம் எடுக்க மாட்டோம்கா. எழுதுங்க."

நான் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் எழுதினேன். கடைசிக் கேள்விக்குப் போட்ட மூன்று, கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது.

என்னைக் கேட்டுவிட்டு அக்காவை உள்ளே கூப்பிட்டார் மிஸ். அக்கா தாளைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. பிள்ளையோடு வெளியே போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை என் மடியில் போட்டாள்.

"கெட்டியாப் புடிச்சுக்கடி," என்று சொல்லிவிட்டு, என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.