போகப் போகப் புடிக்கும்

சென்ற செவ்வாய்க்கிழமை உப்பளம் ஏரியா கிளினிக்கில், பல் டாக்டரம்மா முன்னால் கைகூப்பாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் போய், தாடை எலும்பில் டைட்டானியம் திருகு வைத்து மாதங்கள் ஆகின்றன. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டால்தான் மேலே பல் கட்டலாம். இல்லையென்றால் கழற்றிவிட வேண்டும். சர்க்கரை உள்ள உடம்பு வேறு... பிள்ளையாரிடம் தினமும் இதே மன்றாட்டுதான்.

“உலோகத்த எலும்பு எப்படிம்மா புடிக்கும்? பசை எதுனா போடுவீங்களா?” என்றேன்.

“பசையே இல்லம்மா. காத்து பட்டதுமே டைட்டானியத்து மேல மெல்லிசா ஒரு ஆக்சைடு தோல் வந்துடும். ரத்தத்துல இருக்கற புரதம் மொதல்ல அதுலதான் ஒட்டும். புரதம்னா, அமினோ அமிலத்தக் கோத்த மாலைன்னு வெச்சுக்குங்க. ஒரு பூ விட்டாலும் இன்னொரு பூ புடிச்சுக்கும். அது மேல செல்லு வந்து உக்காந்து, அப்புறம் எலும்பு வளரும். போகப் போகத்தான் புடிக்கும்.”

போகப் போகப் புடிக்கும்!

சிகிச்சை நாற்காலியில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

கருவடிக்குப்பத்தில் என்னைப் பெண் பார்க்க வந்த நாள். அம்மா சுட்ட முறுக்கை இவர் கடித்த ‘கடக்’ சத்தம், அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது. அப்படிப் பல்லு அப்போது! அம்மா கை முறுக்கு வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது... அம்மாதான் இல்லை.

“மாப்ளைக்கு முறுக்கு புடிச்சிருக்கு. பொண்ணு புடிச்சிருக்கா?” என்று சித்தி கேட்டாள்.

“போகப் போகப் புடிக்கும்” என்றார் இவர்.

“வெக்கத்துல ஒளர்றான்” என்று மாமியார் சிரித்து மழுப்பியதால் கல்யாணம் நடந்தது. பேரப்பிள்ளை எடுத்த பிறகும், சண்டை வந்தால் நான் அதைத்தானே இழுப்பேன்?

டாக்டரம்மா திருகைத் தட்டினார். ‘டிங்’ என்றது. எக்ஸ்ரேவையும் பார்த்தார்.

“நல்லா புடிச்சிருக்கு!”

பிள்ளையாரப்பா... கண் நிறைந்துவிட்டது எனக்கு.

“நான் அன்னிக்கே சொன்னேன்ல?” என்றார் இவர், வெளியே வந்ததும். ஸ்கூட்டரைக் கிளப்பியவர், என்ன தோன்றியதோ, திரும்பினார். “ஆமா... அன்னிக்கு உன்ன யாருமே கேக்கலியே. என்னப் புடிச்சிருக்கா?”

இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது?

“போகப் போகப் புடிக்கும்” என்று சொல்லி, விழாமலிருக்க அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உண்மையான பதில் பிள்ளையாருக்குத் தெரியும்... அது போதும்!