அக்காவின் பாவாடைக்கு ஆதாரம்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இணையத் தொடர் ஒன்றின் ரசிகர் குழுவில் நானும் இருந்தேன். அந்தத் தொடரில் பாலைநாட்டு ராணி ஒருத்தி ஓலைப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னப் பாவாடையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். அவ்வளவுதான் காட்சி. அது யாருடைய பாவாடை என்று குழுவில் ஒரே வெட்டுக்குத்து. செத்துப்போன மகளுடையது என்றது ஒரு கட்சி. ராணியே சின்ன வயதில் உடுத்தியது என்றது இன்னொன்று.

அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து நான் எழுதினேன்: "அது வீட்டுச்சாமியா இருக்கும். சின்ன வயசுல செத்த பெண்பிள்ளைக்கு எங்க பக்கம் வருசா வருசம் புதுப்பாவாடை வச்சுக் கும்பிடுவோம். என் அக்காவுக்கு எங்க வீட்டுல அப்படி ஒரு பெட்டி இருக்கு."

குழுவை நடத்துகிறவன் உடனே பாய்ந்தான். "கதையில இல்லாததச் சொல்லாதீங்க ப்ரோ. இப்படி எவனும் செய்யமாட்டான். ஆதாரம் இருந்தா போட்டோ போடுங்க."

வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் பெட்டியைத் தூக்கினேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னய்யா செய்யுற? மாசிப் படைப்புக்குத்தான அதத் திறக்கணும்? அவ கோவிச்சுக்கிருவா, வையி."

வைத்துவிட்டேன். அதற்குள் குழுவில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்: "அக்கா கதை உருட்டு." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

இல்லாத ராணிக்கு இல்லாத மகளைப் பெற்றுக்கொடுக்க இவர்களுக்கு எந்த ஆதாரமும் வேண்டாம். காய்ச்சலில் போன என் அக்கா இருந்தாள் என்பதற்கு மட்டும், அந்தத் தொடரை எழுதியவன் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.