சீராக வந்த செப்புக்குடம்

அருண்பாண்டியைக் குடிகாரன் என்று சொன்ன வாய்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பதினாறு வயதுப் பையன். கை நடுங்கியது, நாக்கு குழறியது, வாயோரம் எச்சில் வடிந்தது. திருமங்கலம் பேருந்து நிலையத்தில் தடுமாறி விழுந்தவனைத் தூக்கிவிட ஆளில்லை. சாராய வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்க்க ஆள் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக் கோணிப்போனதற்கு அடி. வீட்டில் பேய் ஓட்டுகிறோம் என்று வேப்பிலையால் அடி.

அவன் அம்மா சோணையம்மாள் எனக்குப் பக்கத்து வீடு. களையெடுப்பு, கதிரறுப்பு என்று வெயிலில் கிடப்பவள். மகள் பவதாரிணியின் சடங்குக்குத் தாய்மாமன் நல்லகாமன் சீராகக் கொண்டுவந்த செப்புக்குடத்தில்தான் வீட்டுக்குக் குடிதண்ணீர். "செம்புத் தண்ணி நரம்புக்கு நல்லதுக்கா" என்று தம்பி சொல்லப்போக, நடுங்குகிற பிள்ளைக்கு அதையே ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டாயிரமாவது வருசம் மதுரையில் ஒரு டாக்டர் அவன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். வில்சன் நோய் என்றார். சாப்பாட்டில் சேரும் செம்பை வெளியேற்ற முடியாமல் அது ஈரலிலும் மூளையிலும் படிகிறதாம். அம்மா, அப்பா இருவர் வழியாகவும் வருவது. சோணையம்மாளும் அவள் புருசன் வீரணனும் அத்தை மகள், மாமன் மகன். குடம் நோயைக் கொடுக்கவில்லை, ஆனால் அந்தத் தண்ணீர் இனி ஆகாது. தங்கச்சிக்கும் இருக்கலாம், உடனே பார்த்தால் மாத்திரையிலேயே காப்பாற்றிவிடலாம் என்றார்.

சோணையம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். வளர்ந்ததும் பவதாரிணியைத் தாய்மாமன் அவனுக்கே கட்டிவைப்பதாகப் பேச்சு. சீரைத் திருப்பினால் உறவை அறுத்ததாக அர்த்தம். அவள் விவரம் சொல்லி முடிப்பதற்குள் அவன் குதித்தான்.

"சீரையா திருப்பிக் கொண்டாந்த? நல்லா இருக்குற புள்ளைக்கு எதுக்குக்கா டெஸ்ட்டு? நோயின்னு வந்துட்டா ஊரு என்ன பேசும்? நான் எப்படிக் கட்டுறது?"

என்ன நெஞ்சழுத்தம்! பிள்ளைக்கு நோய் இருக்குமோ என்று பயமில்லை. வெளியே தெரிந்துவிடுமே என்றுதான் பயம். வீரணனோ மச்சினன் மனம் கோணக்கூடாது என்று இந்தப் பேச்சுக்கே வரவில்லை.

"நீ கட்டவே வேணாம்டா. எம்மக நிமிந்து நடந்தா அம்புட்டுப் போதும்" என்று குடத்தை அவன் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாளே மகளை மதுரைக்கு அழைத்துப் போனாள். பவதாரிணிக்கும் இருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள்.

ஆறு வருசம் கழித்து, வேறிடத்தில் பெண் கட்டியிருந்த நல்லகாமன், அக்கா வீட்டுக்கு வந்தான். பவதாரிணி பசுமலைக் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி மாத்திரையை விழுங்கினாள்.

"பாத்தியாக்கா, நல்லாத்தான இருக்கா? இன்னும் எதுக்கு மாத்திரை?"

அருண்பாண்டிக்கு மருந்து தாமதமாகத்தான் கிடைத்தது; நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான். அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த சோணையம்மாள், அவன் முகத்தைத் தம்பி பக்கம் திருப்பினாள்.

"இவனும் நல்லாத்தான்டா இருந்தான்."