ஓட்டிப் பார்க்காத டிஸ்க்

என் அண்ணி கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற கடை. மூன்று பேர் உள்ளே நின்றால் நான்காவது ஆள் தெருவில்தான். மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூட ஒத்தாசைக்கு நிற்கிற ஆண்பிள்ளை என்னைப் பார்த்துத்தான் பேச ஆரம்பிப்பார்கள். நான் அண்ணியைக் கை காட்டுவேன். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவர் பாட்டுக்கு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

சந்தேகப்படுவதுதான் அவர் தொழில். புது வயர் என்றாலும் மீட்டர் வைத்துப் பார்ப்பார். கரண்ட் வருகிறது என்று ஆள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் பிளக்கைத் தானே பிடுங்கிச் செருகுவார். வீட்டு ஆட்கள் சொன்னால் மட்டும் அப்படியே நம்பிவிடுவார்.

அண்ணனுக்குக் கடை ஆகாது. "ஈ ஓட்டுறதுக்கு ஒரு கடை, அதுக்கொரு பூட்டு" என்பான். ஒருநாள் அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"லைப்ரரியில பத்து பழைய மெஷின்ல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடணுமாம். முதல் மெஷின்ல போட்டுக் காட்டினா வருஷம் பூரா அங்க வேலை எனக்குத்தான். கிடைக்கலன்னா கடையை நானே மூடிடுறேன், போதுமா?"

போதும் என்றான்.

லினக்ஸை நெட்டிலிருந்து இறக்கி டிஸ்க்கில் எழுதுவது என் வேலை. லைப்ரரிக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் எழுதினேன். டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓட்டிப் பாத்தியா தம்பி?"

"பாத்தாச்சு அண்ணி."

பார்க்கவில்லை. இரண்டு விக்கெட்தான் பாக்கி, யார் எழுந்து போவது?

லைப்ரரி அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேசுகிறவர். "பன்னெண்டு மணிக்குள்ள முடிச்சிடுங்க. அப்புறம் வேற ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன்" என்றார். டிஸ்க்கைப் போட்டோம். அது கிர்ரென்று சுற்றியது, நின்றது. பழைய விண்டோஸே வந்து பல்லை இளித்தது. அண்ணி மெஷினின் செட்டிங்குக்குள் போய், டிஸ்க்கிலிருந்து முதலில் கிளம்பும்படி வரிசையை மாற்றினார். அப்போதும் அதே கதை. டிரைவின் லென்ஸைத் துடைத்தார். கேபிளை மாற்றினார். பக்கத்து மெஷினிலிருந்து டிரைவையே கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார். பதினொன்றரை ஆகிவிட்டது. மேசை முழுக்க ஸ்க்ரூ. டிஸ்க்கை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை.

லைப்ரரி அம்மாதான் கேட்டார். "இங்க ஓடுற மெஷின்ல அந்த டிஸ்க்கைப் போட்டுப் பாத்தீங்களா?"

போட்டார். திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஃபைல். இறக்கிய ஃபைலை இமேஜாக எழுதினால்தான் உள்ளே இருப்பதெல்லாம் விரிந்து மெஷின் கிளம்பும். நான் கல்யாண போட்டோவை ஏற்றுகிற மாதிரி ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டிருந்தேன். ஓட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அது அண்ணிக்கும் தெரியும்.

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை.

"என் தப்புதான் மேடம். ஓட்டிப் பாக்காம எடுத்துட்டு வந்துட்டேன்."

"உங்கள நம்பிதானேம்மா வரச் சொன்னேன்" என்றார் அந்த அம்மா. கோபமாகக்கூட இல்லை. அங்கேயே திரும்ப இறக்கி எழுதலாம் என்றால் நெட் நொண்டியடித்தது. பன்னிரண்டு மணிக்கு இன்னொருத்தர் பையோடு வந்து நின்றார். அண்ணி கழற்றியதையெல்லாம் மாட்டி, மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் ஆரம்பித்தான். "ஒரு டிஸ்க்கைச் சரி பாக்கத் தெரியல. உனக்கெல்லாம் எதுக்குக் கடை?"

அண்ணி அப்போதுதான் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"சொன்னபடி மூடிடுறேன், விடுங்க" என்றார்.

மறுநாள் காலை கடைச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்தார். சாமான்களைச் சுமக்க நான்தான் கூடப் போனேன். வழியில், என் தப்புதான் என்று மன்னிப்புக் கேட்டேன். "அத உங்க அண்ணன்கிட்ட சொல்லு தம்பி" என்றார். ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் சொல்லவில்லை.