முப்பது சென்ட் இடைவெளி

காலையில் கண் விழித்ததும் என் கைபேசியில் காத்திருக்கும் முதல் செய்தி, 'புகை இல்லை'. மாசி, பங்குனி முழுக்க இதுதான். பிறந்த ஊர்க் குழுவில் அதே நேரத்துக்கு ரோஜாப்பூவும் உதயசூரியனும் வந்து வணக்கம் சொல்லும். இந்தத் தீக்காவல் குழுவில் வணக்கமும் கிடையாது, நலம் விசாரிப்பும் கிடையாது. நாட்றாம்பாளையம் மலையோரத்தில் மாதப்பன் என்ற விவசாயி எழுந்து, பல் துலக்கும் முன் காட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அந்த இரண்டு சொற்களை அனுப்புவார். வனவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் ஓசூரில் எனக்குக் காபி இறங்கும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பிறந்து, தண்ணீருக்கு மட்டும் பயப்படக் கற்ற ஒருவன் ஐம்பது வயதில் புகை இல்லாததைக் கண்டு பெருமூச்சு விடுகிறான் என்றால் ஊரில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். பிழைக்க வந்த இடத்தில் ஆசையாக ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டுவிட்டு மறந்திருப்பவர்கள் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே படிக்கவும்.

எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்கிறார்கள். அதில் தரம் பார்ப்பது என் வேலை. அதோடு எங்கள் ஷெட்டுக்கு நான்தான் ஃபயர் வார்டன். ஆரஞ்சு நிற மேல்சட்டை தருவார்கள் என்று தெரிந்ததும் கையைத் தூக்கிவிட்டேன். முதல் ஒத்திகையில் சைரன் ஒலித்தது. ஆட்களை எண்ணிச் சரிபார்க்க வேண்டிய பட்டியலை மேஜையிலேயே விட்டுவிட்டு, டிபன் பாக்ஸை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். எல்லோரும் கூட வேண்டிய இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்தான். பாதுகாப்பு அதிகாரி ஸ்டெல்லா மேடம் கிருஷ்ணகிரிக்காரர், சிரிக்காமல் கேலி செய்வதில் கைதேர்ந்தவர். "என்ன சார் காப்பாத்தினீங்க?" என்றார். "லெமன் சாதம் மேடம்." "ஆளுங்க?" "பின்னாடி வருவாங்க மேடம்."

அந்த ஸ்டெல்லா மேடம்தான் தை மாதத்தில் ஒரு நாள் கேண்டீனில் பெயர் கேட்டார். அஞ்செட்டிப் பக்கம் காட்டோரக் கிராமங்களில் வெயிலுக்கு முன்பாகவே தீத்தடுப்புக் கோடு போடப்போகிறார்கள். வனத்துறை, தீயணைப்பு நிலையம், ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்த வேலை. நம் கம்பெனியிலிருந்து சருகு ஊதும் மெஷினும் இருபது ஆட்களும் போகவேண்டும் என்றார். நான் எழுந்து நின்று, "அந்தப் பக்கம் எனக்கு நிலமே இருக்கு மேடம்" என்றேன். பெருமைதான். அங்கே எனக்கு முப்பது சென்ட் உண்டு. மழைக்காலத்தில் பச்சை கட்டிய பிறகு, வருடத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போவேன். இடுப்பளவு புல்லும், பூத்துக் குலுங்கும் உண்ணிச்செடியும் எனக்குச் சொந்தம் என்று ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து நம்புவேன். அந்தப் பூவைத்தான் என் வாட்ஸப் முகப்பில் வைத்திருந்தேன். கம்பி வேலி போட்டு, பெரிய தகரப் பலகையில் என் பெயரையும், கீழே 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்ற வரியையும் எழுதி நட்டிருந்தேன். யார் தண்டிப்பார்கள் என்று பலகை சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

கம்பெனி பஸ்ஸில் பனியோடு போய் இறங்கினோம். வனவர் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் சுண்ணாம்புக்கட்டியால் காட்டின் எல்லையை வரைந்தார். மேற்கே காடு, கிழக்கே ஊர், நடுவில் கோடு. இந்தக் கோட்டில் புல், சருகு எதுவும் இல்லாமல் செதுக்கி, ஓரத்தை நாமே எரித்துவிட்டால், பிறகு காட்டில் வரும் தீக்குத் தின்ன ஒன்றும் இருக்காது என்றார். மருந்தடிக்கும் முதுகுத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஊர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள். கோடு தெற்கிலிருந்து நேராக வந்து ஓரிடத்தில் நின்றது. விட்டு, மறுபடி தொடங்கியது.

"இந்த எடம் யாருதுன்னு தெரியலைங்க சார்," என்றார் வனவர். "ஓசூர்ல யாரோ பெரிய ஆளாம். போர்டு வெச்சிருக்காரு."

ஸ்டெல்லா மேடம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். ஆரஞ்சுச் சட்டைக்குள் நான் சுருங்கத் தொடங்கினேன். கையைத் தூக்குவதில் எனக்குள்ள பழக்கம் அன்று முதல்முறையாகத் தயங்கியது.

"நான்தாங்க அது."

மாதப்பனை அப்போதுதான் பார்த்தேன். என் இடத்துக்கு அடுத்த நிலம் அவருடையது. நடுத்தர வயது, தலையில் துண்டு, பேச்சு தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடியும். "வாங்க தஞ்சாவூர் சார். நீங்கதானா? போர்டுல பேரு பாத்திருக்கறேன்," என்றார். என் பேச்சிலேயே ஊரைப் பிடித்துவிட்டார். இந்தப் பக்கத்தாருக்குத் தண்ணீர் பார்த்து வளர்ந்தவர்கள் எல்லோரும் தஞ்சாவூர்தான், திருத்தியும் பயனில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், இதுவரை என் புதர் மறைத்திருந்த அவருடைய மாட்டுக்கொட்டகை. கூரையில் பாதி கருகி, மீதி வானமாக இருந்தது. ஒரு கன்றுக்கு இடது காதின் நுனி இல்லை.

"போன வருசம் தீ வந்துச்சுங்க. வைக்கப்போர் பூராப் போச்சு. மாட்டை அவுத்து விட்டதே பெரிய பாடு."

"எந்தப் பக்கமாங்க வந்துச்சு?"

அவர் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கன்றைத் தடவிக் கொடுத்தார். "இப்பிடித்தாங்க. மத்த எல்லா எடத்துலயும் செதுக்கியிருந்தோம். இங்க போர்டு இருந்துச்சு, கேக்காம எப்பிடிங்க நொழையறது?"

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஊரே அந்தப் பலகைக்கு மரியாதை கொடுத்து வெளியில் நின்றிருக்கிறது. மரியாதை தெரியாத தீ மட்டும் அத்துமீறி நுழைந்து, அவருடைய வைக்கோலைத் தின்றிருக்கிறது. இந்த வருடமும் அதே வழி திறந்து கிடந்தது. புதுப் போர் போட்டாகிவிட்டது, மாடுகள் கட்டியிருந்தன.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு கார்த்திகை மாதம், எங்கள் ஆற்றின் கரை உடைப்பெடுத்தது. உடைப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எவன் வீட்டு மூங்கிலோ வெட்டினார்கள், எவன் வீட்டுப் போரையோ பிடுங்கி வந்து அடைத்தார்கள். எங்கள் அப்பா தன் வீட்டுக் கதவையே கழற்றித் தூக்கி வந்தார். நானா? ஊரைக் கூட்டுகிறேன் என்று கோவிலுக்கு ஓடி, கை ஓயும்வரை மணி அடித்தேன். அடித்து முடித்துப் பார்த்தால் ஊர் முழுக்கக் கரையில் இருந்தது, நான் ஒருவன்தான் கோவிலில் இருந்தேன். வேலியே இல்லாத அந்த ஊரிலிருந்து வந்த நான்தான் இங்கே தகரத்தில் தண்டனை எழுதி வைத்திருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் என் சொர்க்கத்தை இருபது பேர் மழித்தார்கள். உண்ணிச்செடி வேரோடு வந்தது. ஓரப் புல்லை எரிக்க வேண்டிய நேரம் வந்ததும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மாதப்பன் ஒரு தீப்பெட்டியை நீட்டினார்.

"நீங்களே வெச்சிடுங்களேன்," என்றேன்.

"அது ஆவாதுங்க சார். அவங்கவங்க நெலத்துல அவங்கவங்கதான் பத்த வெக்கோணும். அடுத்தவன் வெச்சா நாளைக்குப் பேச்சாயிடும். எங்க ஊரு வழக்கம்."

எங்கள் ஊரில் கேட்காமல் எடுப்பார்கள். இங்கே சொந்தக்காரன் கை படாமல் தொடமாட்டார்கள். இரண்டும் ஊரைக் காக்கிற ஒரே வழக்கம்தான் என்று அன்று விளங்கியது. தீப்பெட்டியை வாங்கிக்கொண்டேன். மாதப்பன் ஒரு பிடி மண்ணை மேலிருந்து உதிர்த்துக் காற்றுப் பார்த்தார். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவது என் விரலைச் சுட்டது. நான்காவதில் புல் பற்றியது. பற்றிய சத்தம் இருக்கிறதே, நூறு அப்பளத்தை ஒரே நேரத்தில் நொறுக்கியதுபோல் இருந்தது. நான் தீப்பெட்டியை எறிந்துவிட்டு, "தண்ணி, தண்ணி," என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

யாரும் அசையவில்லை. முதுகுத் தொட்டிக்காரர்கள் பீடி குடிப்பவர்கள் மாதிரி சாவகாசமாக நின்றார்கள். மாதப்பனின் மனைவி முனியம்மா மட்டும் வீட்டுக்குள் போய், ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து, "ஹெதரபேடி சார், குடிங்க," என்று நீட்டினார். பயப்படாதீர்கள் என்று பொருள். எனக்குத் தாகம் என்று நினைத்திருக்கிறார். இருபது பேருக்கு முன்னால் வேறு என்ன செய்வது? பாதியைக் குடித்தேன். மீதிப் பாதியைத் தீயின் மேல் ஊற்றினேன். தீ அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"சார் அணைச்சிட்டாருங்க, எல்லாரும் வூட்டுக்குப் போலாம்," என்றது ஒரு தொட்டி.

தீ தானாகவே ஓரமாக நடந்து, செதுக்கிய மண்ணைத் தொட்டதும் படுத்துக்கொண்டது. தெற்குக் கோடும் வடக்குக் கோடும் என் நிலத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டன. அந்தக் கறுப்பைப் பார்த்து அன்று எனக்கு வந்த சந்தோஷம் நிலப் பத்திரம் பதிந்த அன்றுகூட வரவில்லை. பலகையைப் பிடுங்கினேன். இதை என்ன செய்வது என்று கேட்டேன். "தகரம் நல்லா கெட்டியா இருக்குதுங்களே," என்றார் மாதப்பன்.

பங்குனியில் ஒரு வேலைநாள் காலை பத்தரைக்குத் தீக்காவல் குழுவில் செய்தி வந்தது. 'புகை.' ஒரே சொல். அன்று டிபன் பாக்ஸ் என் நினைவிலேயே இல்லை. பட்டியலைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டெல்லா மேடம் அதையும் குறித்துக்கொண்டார். அரை மணியில் பஸ் கிளம்பியது. தேன்கனிக்கோட்டை தாண்டியதிலிருந்து மாதப்பனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. அஞ்செட்டி இறக்கத்தில் கருகிய வாடை பஸ்ஸுக்குள் வந்தது. காது நுனி இல்லாத கன்றுதான் கண்ணில் நின்றது. டிரைவரிடம், "கொஞ்சம் வேகமாப் போங்க," என்றேன். "சார், நீங்க உக்காந்தா போலாம்," என்றார். நான் நின்றுகொண்டே, இல்லாத ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேற்கே மலைச்சரிவு முழுக்கச் சாம்பல் நிறம். ஊர்க்காரர்கள் தீயை அடித்து அணைத்த பச்சைக் கிளைகளைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முகமெல்லாம் கரியோடு உட்கார்ந்திருந்தார்கள். வனவர் ஓரங்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மாதப்பன் கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் உருவிப் போட்டுக்கொண்டிருந்தார். போர் முழுசாக நின்றது.

"போன் எங்கங்க?"

"அடிக்கற சத்தத்துல மாடு மெரளுதுன்னு வூட்டுல வெச்சிட்டேங்க. ஏன், யாராச்சும் கூப்பிட்டாங்களா?" என்றார். பிறகு கையால் காட்டினார். "உங்க எடம் வரைக்கும் வந்துச்சுங்க. கோட்டைப் பாத்துச்சு. நின்னுச்சு."

மேலே பார்த்தேன். கூரையின் கருகிய ஓட்டையை என் தகரம் மூடியிருந்தது. எழுத்துப் பக்கம் கீழே. என் பெயரும், அத்துமீறி நுழைபவர்களுக்கான எச்சரிக்கையும் இப்போது நான்கு மாடுகளையும் ஒரு கன்றையும் பார்த்துக்கொண்டிருந்தன.

வெளியே வந்து, பொங்கிய சந்தோஷத்தில் குழுவில் எழுதினேன்: 'கோடு தாங்கியது. இனி ஒரே ஒரு நல்ல மழை போதும்.' உடனே பதில் வந்தது. வனவரின் கட்டைவிரல் இல்லை. என் தம்பி. பதற்றத்தில் பிறந்த ஊர்க் குழுவில் போட்டிருக்கிறேன். 'அண்ணே, உளுந்து புடுங்கிக் களத்துல கெடக்கு. இந்த நேரத்துல மழயக் கூப்புடுறியளே, நீங்க எந்த ஊரு ஆளு?'

கிழக்கே, எங்கள் ஊர் இருக்கும் திசையில், ஒரு துண்டு மேகம் எட்டிப் பார்த்தது. ஆரஞ்சுச் சட்டையோடு கறுத்த மண்ணின் நடுவில் நின்றேன். இடது கையைக் கிழக்கே நீட்டி, அங்கே பெய்யாதே என்று தடுத்தேன். வலது கையை மேற்கே நீட்டி, இந்தக் காட்டுக்கு வா என்று வழிகாட்டினேன். நாற்சந்திப் போலீஸ்காரர் தோற்றார்.

முனியம்மா சொம்போடு வந்து நின்று பார்த்தார். "யாருக்குங்க சார் கை காட்டறீங்க?"

"எங்க ஊருக்குங்க."

அவர் என் இடது கையைப் பார்த்தார், வலது கையைப் பார்த்தார். "எந்தப் பக்கம்ங்க உங்க ஊரு?"

இரண்டு கையும் வலித்தது. எதை இறக்குவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.