தகட்டுக்கு அந்தப் பக்கம்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. வைத்தது ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருஷம் அவர் ஓட்டிய ஓட்டத்தில் வேகம் உண்டு, பதற்றம் கிடையாது. ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம் ஆஸ்பத்திரியில் பழைய வண்டிகளை ஏலம் விட்டார்கள். மனுஷன் போய், தான் ஓட்டிய வண்டியையே எடுத்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று தெருவே பேசியது. கேட்டும் கேட்காதது மாதிரி இருந்துவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் மனைவி நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் வரைபடம் வரைந்தவர். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய ஏரியின் கரையை மட்டும் பதினோரு தடவை வரைந்திருக்கிறார். பார்த்தது ஒரு தடவைகூட இல்லை. அந்த அம்மாளுக்கு லீவு கிடைத்தால் இவருக்கு ட்யூட்டி, இவருக்கு லீவு கிடைத்தால் யாராவது ஒருவருக்கு மூச்சுத் திணறல். இப்போது அந்த அம்மாளின் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம். “இந்த வட்டம் ஒரு வருஷம் தாங்கும். அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க முடியாதும்மா” என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏரிக்கு ரோடு கிடையாது. வரைபடத்தில் வெறும் புள்ளிக்கோடுதான், அதுவும் அந்த அம்மாள் கையாலேயே வைத்த புள்ளிகள். தங்க இடமும் கிடையாது. நிதானம் எடுத்த வண்டி, மலைக் குடியிருப்புகளுக்கென்று வாங்கிய, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. வட்டம் மூடுவதற்குள் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

மனைவியின் தம்பி வெல்டர். வாய் ஓயாத ஆள், கையும் ஓயாது. அவன் பட்டறையில் வேலை ஆரம்பமானது. சைரனும் சுழல் விளக்கும் இறங்கின. ஸ்டிக்கரைச் சூடு காட்டி உரித்தார்கள். எழுத்து போனாலும் எழுத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நின்று, வெயிலில் தள்ளி நின்றால் படிக்க முடிந்தது. பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டி, பெரிய டயர் மாட்டி, எஞ்சினுக்கு அடியில் கனத்த தகடு கொடுத்தார் நிதானம். ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்ற மூலையில் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்தது. ஸ்ட்ரெச்சர் ஓடிய தண்டவாளத்தில் அடுப்புப் பலகையை ஏற்றி, இழுத்தால் வெளியே வருகிற மாதிரி செய்தான் வெல்டர். கட்டில், அலமாரி, சாமான் வைக்க வலைப்பை எல்லாம் அவன் கைவேலை.

“உள்வேலை உன்னுது, அடிவேலை என்னுது” என்று முதல் நாளே சொல்லிவிட்டார் நிதானம். ஒரு மாதமாக அவர் தலை வண்டிக்கு அடியில் இருந்தது, இல்லாவிட்டால் பானெட்டுக்குள் இருந்தது. பின்கதவுப் படியில் அவர் கால் படவில்லை.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடு. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நோயாளி. வெல்டர் அதில் சாக்பீஸால் கோடு போட்டான்.

“மாமா, இதை வெட்டி எடுத்துட்டா அக்கா உள்ளேயிருந்தே உங்ககூட பேசலாம். அரை நாள் வேலை.”

“அது இருக்கட்டும்.”

“எதுக்கு? நடுவீட்டுல மதில் சுவர் மாதிரி நிக்குது.”

“இருக்கட்டும்னா இருக்கட்டும் மாப்ளே.”

மாமனுக்கும் மச்சானுக்கும் அதற்குமேல் பேச்சு வளரவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு ஊருக்கு வெளியே கல்குவாரிப் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். கண் கூசுமென்பதால் அந்த அம்மாள் முன்னால் உட்காரவில்லை. மங்கல் கண்ணாடி போட்ட பின்பகுதியில், கட்டிலில் சாய்ந்துகொண்டார். வண்டி கல்லும் பள்ளமுமாக நன்றாகத்தான் ஏறியது. மூன்றாவது திருப்பத்தில் அலமாரிக் கதவு திறந்து தட்டுகள் சரிந்தன. அந்த அம்மாள் எந்தக் கதவையும் தட்டுகிற மாதிரி தகட்டைத் தட்டினார். டக், டக், டக்.

நிதானத்தின் இடது கை தானாகப் போனது, சைரன் ஸ்விட்ச் இருந்த இடத்துக்கு. அங்கே ஓட்டைதான் இருந்தது. விரல் அந்த ஓட்டையைத் துழாவி அணைத்தது. கால் ஆக்ஸிலேட்டரை விட்டது. வண்டி ஊர்ந்தது. பின்னால் அந்த அம்மாள் கத்தினார், மறுபடி தட்டினார், எதுவும் நிதானத்தின் காதில் ஏறவில்லை. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் அப்படியே ஒரு கிலோமீட்டர் ஓட்டினார். ஏற்றத்தில் வேகம் போதாமல் எஞ்சின் அணைந்ததால்தான் வண்டி நின்றது.

பக்கவாட்டுக் கண்ணாடியில், வண்டியின் உடம்பைத் தடவிக்கொண்டே, கல்லில் கால் இடறி இடறி மனைவி நடந்து வருவது தெரிந்தது. அவள் நடந்து வருகிறாள் என்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதவைத் திறந்த அந்த அம்மாள், ஸ்டீயரிங்கில் முகம் புதைத்துக் குலுங்குகிற மனுஷனைத்தான் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவர் அழுது பார்த்ததில்லை.

“என்னங்க ஆச்சு? தட்டு உருளுதேன்னுதானே தட்டினேன்?”

நிதானம் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பின்னாடி இருக்கிற நர்ஸு ஒரு தட்டு தட்டினா, மெதுவாப் போகணும். ரெண்டு தட்டினா, மிதிக்கணும்.”

“மூணு?”

“இனிமே அவசரமில்லன்னு அர்த்தம்.”

அந்த அம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நீ நல்லாத்தான் இருக்கேன்னு தலைக்குத் தெரியுது. கைக்கும் காலுக்கும் தெரியல. சைரனை அணைச்சு, வேகத்தைக் குறைச்சு... திரும்பிப் பார்க்க மாட்டேன். ஒரு தடவைகூட பார்த்ததில்ல. பார்த்தா அடுத்த ட்ரிப் எடுக்க முடியாது.”

“வீட்டுக்கு வந்ததும் இன்னிக்கு என்னன்னு கேட்பேன். ஒண்ணுமில்லம்பீங்க. நானும் நம்பிட்டேனே” என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. தன்மேல்தான் வருத்தம்.

“வித்துடறேன். இதுல உன்னை ஏத்திக்கிட்டு என்னால ஓட்ட முடியாது.”

“வேற எந்த வண்டி நான் வைச்ச புள்ளியில ஏறும்? டாக்டர் சொன்ன நாள்ல நாலு மாசம் போயிடுச்சு.” எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். “விக்கிறதுன்னா வித்துக்கோங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி வந்து உட்காருங்க.”

அன்றைக்கு உட்காரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பட்டறைக்குப் போய், மச்சானிடமிருந்து வெட்டும் மிஷினை வாங்கிக்கொண்டு, பின்கதவைத் திறந்து ஏறினார். வெல்டர் உதவிக்கு வந்தான். வேண்டாமென்று கை காட்டினார். சாக்பீஸ் கோட்டோடு தகட்டை வெட்ட அரை நாள் வேலை என்றவன் வெளியே நின்றான். மாமாவுக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. மிஷின் சத்தம் அடிக்கடி நின்றுபோகும். அப்போதெல்லாம் உள்ளே கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் தகடு கீழே விழுந்தது. விளிம்புகளைத் தானே ராவி, கை கிழிக்காதபடி ரப்பர் பட்டை ஒட்டிவிட்டு இறங்கினார்.

அடுத்த வாரம் கிளம்பினார்கள். புள்ளிக்கோட்டில் ஒன்றரை நாள். திறந்த இடைவெளியில் அந்த அம்மாள் தலையை நீட்டி, எந்தப் புள்ளியில் எந்தப் பக்கம் என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் தப்பாகச் சொல்லி ஓடையில் இறக்கிவிட்டதும் நடந்தது. “ஆனைக்கும் அடி சறுக்கும்” என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். நிதானம் எட்டு தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பார்.

மத்தியானம் போல ஏரி வந்தது. கரையில் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டார். ஏரி பெரிது, அந்த அம்மாளின் வட்டம் சின்னது. அதை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தார்.

“வடக்கு முனை சரியாத்தான் போட்டிருக்கேன்” என்றார். பிறகு, “ஓரமெல்லாம் எனக்குச் சிக்கல. நான் நடுவைப் பார்த்துக்கறேன். ஓரத்தை நீங்க சொல்லுங்க.”

“தண்ணி. கரை. அப்புறம்... கல்லு.”

“மேப்புல இதைவிட ஜாஸ்தி எழுதியிருக்கேன். ஒழுங்காப் பார்த்துச் சொல்லுங்க.”

பார்த்தார். நாணல், இரண்டாய்ப் பிளந்த பாறை, காய்ந்த மரம், அதில் கொக்கு, கொக்கு பறந்துவிட்டது, தண்ணீர் வற்றிய சேறு, அதில் யாரோ நடந்த தடம். இடது கோடியிலிருந்து வலது கோடி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். ஏரி முடிந்தது. அவரால் நிறுத்த முடியவில்லை.

“முதல் தடவை மூணு தட்டு கேட்டப்ப, பின்னாடி ஒரு வாத்தியார் இருந்தாரு. நான்தான் ஏத்தினேன். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளு. ஏத்தறப்ப, ‘தம்பி, மெதுவாவே போ, பிள்ளைங்க ரோட்டைக் கடக்கிற நேரம்’னாரு.”

அந்த அம்மாள் ஏரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ம்” என்றார். நிதானம் இரண்டாவது ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.