அட்டையில் ஏறிய சைக்கிளும் பிடிலும்

சங்கீதப் பத்திரிகைக்கு அட்டைப்படம் போடுகிறவனுக்குக் கை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, தோலும் கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும். படம் நன்றாக அமைந்தால் படத்தில் இருக்கிற வித்வானைப் புகழ்வார்கள். சரியில்லை என்றால் நம்மைத் தேடிக்கொண்டு வருவார்கள். பத்திரிகை ஆபீஸில் தூரிகை பிடித்துப் பேச்சு வாங்கிய சகோதரர்கள் யாராவது இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம். நடுநடுவே நான் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மார்கழி வரை கெடு

யுத்த காலம் அது. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஆபீஸ். மாதம் ஒருமுறை வருகிற பத்திரிகை. அட்டையில் வருஷக்கணக்காக ஒரே சரஸ்வதி, ஒரே வீணை. மாதத்துக்கு மாதம் மையின் நிறம் மட்டும் மாறும். ஆடியில் பச்சை சரஸ்வதி, ஆவணியில் நீல சரஸ்வதி. சந்தாதாரர்கள் பெரும்பாலும் பென்ஷன் வாங்குகிறவர்கள். பத்திரிகை பிடிக்கவில்லை என்று யாரும் சந்தாவை நிறுத்தவில்லை. ஆனாலும் காலம் முடிந்து ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்தார்கள்.

ஓவியப் பள்ளியில் படிப்பை முடித்துவிட்டு, சாந்தோமில் எங்கள் பங்குக் கோயிலில் புனிதர்களின் சுரூபங்களுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த என்னை ஆசிரியர் பஞ்சாபகேசய்யர் கூப்பிட்டனுப்பினார். மார்கழி இதழ் வரை எனக்குக் கெடு. அதற்குள் காலேஜில் படிக்கிற பிள்ளைகள் பத்திரிகையை வாங்க ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டை பழையபடி சரஸ்வதிக்கு, நான் பழையபடி சுரூபங்களுக்கு. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"எங்காத்துப் பசங்களே இதைத் தொடமாட்டேங்கறதுகள், ஓய் ஆரோக்கியம். அதுகளா கையை நீட்டி எடுக்கறாப்பல ஒண்ணு போட்டுக் காட்டும், பார்க்கலாம்."

ஐந்தாவது தந்தி

முதல் படத்துக்கு, தம்புரா மீட்டுகிற இளம்பெண் என்று தீர்மானித்தேன். பெண்ணுக்கு என் தங்கை பிலோமினா இருந்தாள். தம்புராவுக்கு எங்கே போவது? வீட்டு உலக்கையைத் தோளில் சாத்தி உட்காரவைத்தேன். கை வலிக்கிறது என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். முகம் மட்டும் அற்புதமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பெண்கள் எல்லாரும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, "உன் மகள் எப்போ பாட்டுக்காரியானாள்?" என்று கேட்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குப் பெண் பார்க்க வர்றவங்க பாடச் சொன்னா, நீ வந்து பாடுவியா?" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முகத்தைப் பார்த்து ஜனங்கள் அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள் என்றால் சாதாரண விஷயமா? அந்த மிதப்பு மூன்று நாள்தான் நீடித்தது. நாலாம் நாள் மந்தைவெளியிலிருந்து ஒரு சந்தாதாரர் கார்டு போட்டிருந்தார். மூன்று பென்ஷன்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஆசிரியர் அதை உரக்கப் படித்தார்:

"தங்கள் அட்டையில் உள்ள தம்புராவுக்கு ஐந்து தந்திகள் காண்கின்றன. என்னிடம் உள்ளதற்கு நான்குதான். ஐந்தாவதை எந்தச் சுருதியில் சேர்ப்பது என்று தெரிவித்தால் அடியேனும் ஒன்று மாட்டிக்கொள்கிறேன்."

வேலிக்கு வெளியே

அந்தக் கார்டு என்னை நேரே கச்சேரிக்குத் துரத்தியது. ஸ்கெட்ச் புத்தகத்தோடு தியாகராய நகரில் ஒரு கீற்றுப் பந்தலுக்குப் போனேன். உள்ளே முன்வரிசையில் நம் சந்தாதாரர்கள், பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். ரசிப்பா தூக்கமா என்று தெரியவில்லை. காற்றுக்காக வெளியே வந்தேன். அங்கேதான் நான் தேடிய கூட்டம் இருந்தது. தட்டி வேலியை ஒட்டி வரிசையாகச் சைக்கிள்கள், அதில் சாய்ந்துகொண்டு காலேஜ் பையன்கள். எதிர்வீட்டுப் படியில் புத்தகங்களை மார்போடு அணைத்தபடி இரண்டு பெண்கள். ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டே, சைக்கிள் சீட்டில் பிசகாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த அட்டையில் வித்வானே கிடையாது. வேலி, சைக்கிள், சீட்டின் மேல் விரல் எண்ணுகிற ஒரு கை, தட்டி இடுக்கு வழியாக வருகிற வெளிச்சம். ஆசிரியர் பூதக்கண்ணாடியை எடுத்து அந்தக் கையை மட்டும் வெகுநேரம் பார்த்தார். நாலு கச்சேரி கேட்டுவிட்டு வரைந்த கை அது. பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு, அச்சிடலாம் என்று கையெழுத்துப் போட்டார். இதழ் வந்து பத்து நாள் கழித்து மாம்பலம் ஸ்டேஷன் புத்தகக் கடைக்காரர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்:

"இன்னா சார் பண்ணீங்க? இத்தினி நாளா இந்தப் பொஸ்தகம் அடியில கெடந்துச்சு, பெரியவங்க வந்து கேட்டாத்தான் எடுப்பேன். இப்ப காலேஜ் பசங்க வந்து கேக்குறானுங்க, முன்னாடி கயித்துல மாட்டிகினு கீறேன்!"

கடையில் இல்லாத நிறம்

சிறுவயசுக்காரர்களுக்கு வர்ணம் வேண்டும். யுத்தத்தில் சீமை மை வருவது நின்றுபோயிருந்தது. பழைய பச்சையும் நீலமும் தீர்ந்து, பிரஸ்ஸில் மிஞ்சியவை சிவப்பும் கறுப்பும்தான். ராயப்பேட்டையில் படங்களை அச்சுக்கான உலோகத் தகடாக்கி எங்களுக்கு ப்ளாக் செய்கிற கன்னியப்பனிடம் போய் மூன்றாவது நிறத்துக்கு வழி கேட்டேன். "கெவருமெண்டே இல்லன்னுது. மூணாவது கலர் வோணும்னா நீயே பெத்து எடுத்துகினு வா நைனா" என்றான்.

பெற்றெடுத்தேன். சிவப்பின் மேல் கறுப்பைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக ஏற்றி, ஐந்தாறு தடவை ப்ரூப் போட்டுப் பார்த்ததில், அரக்கிலும் சேராத, நாவல்பழத்திலும் சேராத ஒரு நிறம் வந்தது. அதைப் படத்தில் இருந்த பாட்டுக்காரியின் புடவைக்குக் கொடுத்தேன். இரண்டே நிறத்தில் அப்படி ஒரு புடவையை இந்த ஊரில் வேறு யாரும் அச்சில் கட்டியதில்லை. மாதம் முடிவதற்குள் பாண்டி பஜார் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார். காலேஜ் பெண்கள் அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்கிறார்களாம்.

"நீங்க பாட்டைப் பத்தி எழுதுங்க, வேணாங்கலை. இல்லாத நிறத்துல புடவையைப் போட்டு எங்க உசுரை வாங்காதீங்க!"

வில் மாறிய மார்கழி

இப்படி ஏறிக்கொண்டே போன கொடி மார்கழியில் அறுந்தது. பிடில் வாசித்துக்கொண்டே வாய்விட்டுச் சிரிக்கிற பெண், அதுதான் படம். இந்தத் தடவை பிலோமினாவுக்கு இரவல் பிடில் வாங்கிக் கொடுத்திருந்தேன். ப்ளாக் செய்கிறபோது படத்தின் பிலிமைத் திருப்பிப் போட வேண்டும். அப்போதுதான் அச்சில் நேராக வரும். கன்னியப்பன் திருப்ப மறந்துவிட்டான். எழுத்துக்கள் தனி ப்ளாக், அவை ஒழுங்காக இருந்தன. படம் மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல மாறிவிட்டது. பிடில் வலது தோளில், வில் இடது கையில்.

ப்ரூப்பில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நானேதான். எனக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம்; சாப்பிடுவது அம்மாவுக்குப் பயந்து வலது கையால், வரைவது இடது கையால். அதனால் அந்தப் படத்தில் தப்பு இருப்பதாகவே என் கண்ணுக்குப் படவில்லை. அச்சாகிவந்த கட்டைப் பிரித்த ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காகிதக் கட்டுப்பாடு, மறுபடி அச்சிட ஒரு தாள் கிடையாது. இதழ் அப்படியே கடைக்குப் போயிற்று. கெடு முடிந்தது என்று நான் தூரிகைகளைக் கட்டி வைத்தேன். ஆசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பிடிலை இடது கையாலே வாசிக்கிறவ லோகத்திலே எங்கேயாவது இருக்காளா, ஓய்? இருந்தா அழைச்சுண்டு வாரும், நான் வாயை மூடிக்கறேன்."

சைதாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி

அடுத்த வாரம் ஒரு அம்மாளும் பதினைந்து வயசுப் பெண்ணும் ஆபீஸுக்கு வந்தார்கள். சைதாப்பேட்டை, வீட்டுக்காரர் கோர்ட்டில் குமாஸ்தா. பெண்ணின் பெயர் கமலா. அவள் கையில் மார்கழி இதழ், ஓரமெல்லாம் மடங்கி நைந்திருந்தது. "இவளுக்கு வில்லு இடது கைக்குத்தான் போவுதுங்க. வாத்தியார் ஒரு வருசம் பார்த்துட்டு, இப்படி வாசிக்கிறவளுக்குச் சொல்லித்தர முடியாது, நாளையிலேருந்து வராதேன்னுட்டாரு. அழுதுக்கிட்டே இருந்தா. கடையில இதைப் பார்த்துட்டு அவளே போய் வாங்கிட்டு வந்தா" என்றார் தாயார். பெண் நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இந்த அக்கா எங்க இருக்காங்க? அவங்க வாத்தியார்கிட்டயே நானும் கத்துக்கறேன்."

அப்படி ஒரு அக்கா இல்லையம்மா, பிலிமைத் திருப்ப மறந்துவிட்டோம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஆசிரியர் முகத்தைப் பார்த்தேன். ஆசிரியர், "பிடில் கொண்டு வந்திருக்கியோ?" என்றார். துணிப்பையிலிருந்து எடுத்தாள். தந்திகளை அவளே இடம் மாற்றிக் கட்டியிருந்தாள். எங்கள் ஆபீஸ் தரையில் உட்கார்ந்து ஒரு வர்ணம் வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். சுருதி மட்டும் கடைசிவரை விலகவில்லை. பாதியில் ஆசிரியரின் கை தானாக மேஜைமேல் தாளம் போட ஆரம்பித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. வாசித்து முடித்ததும் அவர் அவளிடம், "படத்திலே இருக்கிறது எங்க தப்பும்மா. அப்படி ஒருத்தி எனக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் இல்லை. நீ விடாம வாசி, இருப்பா. சொல்லிக்கொடுக்க நான் ஆள் பார்க்கறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கட்டி வைத்திருந்த தூரிகைகளைப் பார்த்தார்.

"என்ன ஓய் மூட்டை கட்டிண்டு நிக்கறீர்? தை இதழுக்கு என்ன படம்?"

கன்னியப்பன் செய்த திருத்தம்

ஆசிரியர் சொன்ன சொல் தவறவில்லை, கமலாவுக்கு வாத்தியார் கிடைத்தார். யுத்தம் முடிந்து சில வருஷங்களில் அடையாற்றில் ஒரு சின்ன சபாவில் கமலாவின் முதல் கச்சேரி. முன்வரிசையில் உட்கார்ந்து அவளை நேரில் பார்த்து வரைந்தேன். வில் இடது கையில். என் வாழ்நாளில் நான் போட்ட படங்களில் அதுதான் உசத்தி, யார் வேண்டுமானாலும் சண்டைக்கு வரலாம். கன்னியப்பனிடம் அனுப்பினேன். ப்ரூப் வந்தது. பார்த்தால், கமலா சாதுவாக வலது கையால் வாசித்துக்கொண்டிருக்கிறாள்! ராயப்பேட்டைக்கு ஓடினேன். கன்னியப்பன் மார்தட்டிக்கொண்டான்:

"அந்த மார்கழி படத்த திருப்பாத உட்டுட்டேன்னு என்னா பேச்சு பேசினே! இந்த தபா கை தப்பா கீதேன்னு நானே பார்த்து சரி பண்ணி உட்டுருக்கேன் நைனா, ஒரு டாங்ஸாவது சொல்லு!"

மறுபடி ப்ளாக் செய்யவைத்து, கையை உள்ளபடியே அச்சில் கொண்டுவந்தேன். 'இத்தனை வருஷமாகியும் இந்த ஆளுக்கு வலது இடது தெரியவில்லையே' என்று வந்து குவிந்த திட்டுக் கடிதங்கள் அத்தனையும் காலேஜ் ஹாஸ்டல்களிலிருந்து வந்தவை என்பதால், ஒன்றுக்கும் பதில் போடாமல் எல்லாவற்றையும் நற்சாட்சிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.